டேங்க் நிறைய இருந்தால் கிளம்பும், கால் டேங்கில் கிளம்பாது

மூன்று மாதமாக எனக்கும் என் பழைய லாரிக்கும் பெரும்பாலான நாள் காலையில் ஒரே சண்டை. ராத்திரி நல்லபடியாக நிறுத்திவிட்டுப் போவேன், காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கீழே இறங்கி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரல் வலிக்கும்வரை அடித்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஒரு தும்மல், அப்புறம் ஒரு இருமல், அப்புறம் உயிர் வரும். ஒருமுறை வந்துவிட்டால் போதும், அன்று முழுக்க எத்தனை முறை நிறுத்தினாலும் தொட்டவுடன் கிளம்பும். மறுநாள் காலை மறுபடி அதே கதை.

வண்டி ஆறு சிலிண்டர் டீசல், 24 வோல்ட், டீசலை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்புவது பழைய இன்லைன் பம்ப். கம்ப்யூட்டர், சென்சார் என்று எதுவும் கிடையாது. அதனால்தான் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று தைரியமாக இறங்கினேன். ஆனால் பார்ப்பதற்கு முன்னால் மாற்றத் தொடங்கிவிட்டேன், அங்கேதான் கோட்டை விட்டேன். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா, பேட்டரிதான் என்று இரண்டு பேட்டரியையும் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் கொஞ்சம் உற்சாகமாகச் சுற்றியது மாதிரி எனக்குத் தோன்றியது (புதிதாக எதை மாற்றினாலும் இரண்டு நாளைக்கு அப்படித்தான் தோன்றும்). அப்புறம் டீசல் ஃபில்டர் மாற்றினேன். அதற்கும் மசியவில்லை. சரி, பம்பே போய்விட்டது, கழற்றி சர்வீசுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டி, ஸ்பேனர்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா?"

நான் பார்க்கவே இல்லை. மூன்று மாதமாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாவியைத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"அதைப் பார்த்துட்டு அப்புறம் பம்ப்ல கை வை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று நானே இரண்டு முறை ஆட்டிப் பார்த்து, மகளைக் கேபினில் உட்காரவைத்துவிட்டு நான் சைலன்சர் பக்கம் போய் நின்றேன். "அப்பா, அடிக்கட்டுமா?" "அடிம்மா." பத்து விநாடி சுற்றினாள். புகை இல்லை, ஒரு பொட்டுக்கூட இல்லை.

பழைய டீசல் எஞ்சினில் புகை நிறையச் சொல்லிவிடும். பிடிக்காமல் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம்: எஞ்சின் ரொம்பக் குளிர்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், டைமிங் விலகியிருக்கலாம். கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலே போகவில்லை. என் வண்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு நோய் என்பது அந்தப் பத்து விநாடியில்தான் எனக்கு உறைத்தது. செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது ஒன்று, டீசல் போகாமல் இருப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டதால்தான் எதை மாற்றியும் பலன் தெரியவில்லை.

முதலில் செல்ஃப். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அதன் கொள்ளளவில் 16-ல், 17-ல் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்க வேண்டும். மெதுவாக நசுக்கினால் சூடு சிலிண்டர் சுவர் வழியாகவும், காற்று பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகவும் போய்விடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது, பகலில் தொட்டவுடன் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 25.2 வோல்ட், அதாவது ஒவ்வொன்றும் 12.6, முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 22-க்குக் கீழே இறங்கவில்லை, அதுவும் நல்ல கணக்குதான். பேட்டரியில் குறை இல்லை. (பழைய பேட்டரிகளிலும் குறை இருந்திருக்காது. இப்போது அவை சுவரோரமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.) அப்புறம் பேட்டரி மைனஸைச் சேஸிஸோடு இணைக்கும் எர்த் ஒயரைச் சந்தேகப்பட்டு ஓம்ஸ் வைத்துப் பார்த்தேன், 0.2 காட்டியது. அட, இதுவும் சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடப் பார்த்தேன். என்னவோ தோன்றி மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் அதற்கும் 0.2-தான் காட்டுகிறது. மீட்டர் தன் கம்பியைத்தான் அளந்து சொல்லியிருக்கிறது.

செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். நூறில் ஒரு ஓமைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது. அதனால் ஓம்ஸை மறந்துவிட்டு, கரண்ட் ஓடும்போது எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்றுதான் அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய ஓர் இடத்திலும் வைத்து மகளை அடிக்கச் சொன்னேன். 3.1 வோல்ட்! அந்த இரண்டு இடமும் ஒன்றோடொன்று இணைந்தவை, அங்கே ஒன்றுமே காட்டக்கூடாது, மிஞ்சிப்போனால் அரை வோல்ட் காட்டலாம். அப்புறம் கம்பியை ஒவ்வோர் அடியாக நகர்த்திக்கொண்டே வந்தேன். பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஏறக்குறைய பூஜ்யம், கேபிள் முழுக்க 0.2. கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கும் அது போல்ட் போட்டு நிற்கிற சேஸிஸ் இரும்புக்கும் நடுவில் 2.6. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் நடுவில் 2.6 வோல்ட் காணாமல் போகிறது.

போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், லக்குக்குக் கீழே பளபளவென்று கறுப்பு பெயிண்ட். போன வருஷம் துரு பிடிக்கிறதே என்று சேஸிஸ் முழுவதையும் சுரண்டி நானே அடித்த பெயிண்ட். எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு அடித்தேன், காய்ந்ததும் அதன் மேலேயே வைத்து முறுக்கிவிட்டேன். கரண்ட் போல்ட்டின் மரை வழியாக மட்டும் எப்படியோ நுழைந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக்கையும் தேய்த்து, புது ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கி, ஈரம் ஏறாமலிருக்க மேலே கிரீஸ் தடவினேன். இந்த வேலைக்குப் பேட்டரி மைனஸ் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது அதுதான் கடைசி. ஸ்பேனர் ஒரு முனையில் பிளஸ்ஸையும் இன்னொரு முனையில் சேஸிஸையும் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரு ஸ்பேனர் சாட்சி இருக்கிறது, வாய் உருகிப்போய். இதைக் கழற்றாமலேயே சோதிக்க ஒரு வழி உண்டு, எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு ஜம்ப்பர் கேபிளைப் போட்டு அடித்துப் பார்த்தால் போதும், செல்ஃப் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டால் குற்றவாளி எர்த்தான்.

மறுநாள் காலை செல்ஃப் ஜோராகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. புகையும் இல்லை. ஆனால் இப்போது ஒரே ஒரு கேள்விதான் மிச்சம், டீசல் ஏன் போகவில்லை என்று.

கைப்பம்பை அடித்தால் கிளம்புகிறது என்றால் லைனில் காற்று. அதுவரை எனக்கும் தெரியும், ஏர் லாக் எடுத்து எடுத்துக் கையே பழகிவிட்டது. பம்புக்குள் ஏறி இறங்கும் தண்டான பிளஞ்சர் டீசலைத் தள்ளும்போது, அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் திறக்க 200 பார் அளவுக்கு அழுத்தம் ஏற வேண்டும். லாரி டயரில் இருப்பது ஏழெட்டு பார்தான், அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் அமுங்காது, அதனால் அழுத்தம் உடனே ஏறிவிடும். காற்று ஸ்பிரிங் மாதிரி. பிளஞ்சர் அமுக்கினால் அமுங்கும், விட்டால் விரியும், நாசில் கண்ணே திறக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1897-ல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியதே அழுத்திய காற்றுதான். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டியிருந்ததால் அதை லாரியில் வைப்பது பெரும்பாடாக இருந்தது. 1927-ல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்ஷன் பம்பை மொத்தமாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. அன்றைக்கு எஞ்சினை ஓட்டிய காற்று இன்றைக்கு ஒரு குமிழி நுழைந்தாலே என் எஞ்சினை நிறுத்திவிடுகிறது.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? டீசல் ஒழுகும் இடத்தைத்தான் நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கேயும் ஒழுகவில்லை, அதனால் லைனில் ஓட்டை இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அது தப்பு. ஃபீட் பம்புக்கு அப்புறம் இருக்கிற லைனில் அழுத்தம் இருக்கும், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே சொட்டுகூட வராது.

இன்னொரு தடயமும் கண் முன்னாலேயே இருந்தது. டேங்க் நிறைய டீசல் இருந்தால் காலையில் பெரும்பாலும் கிளம்பிவிடும், கால் டேங்குக்கு வந்தால் கிளம்பவே கிளம்பாது. அடியில் தண்ணீரோ கசடோ நிற்கிறது, டீசல் குறையும்போது அது ஏறுகிறது என்று நானாக ஒரு கதை கட்டி, டேங்கின் அடி நட்டைத் திறந்து வடித்தெல்லாம் பார்த்தேன், சுத்தமாகத்தான் வந்தது. அந்தத் தடயத்தை அத்தோடு கைகழுவிவிட்டேன்.

இந்த முறை பாதியாக வெட்டிப் பார்ப்போம் என்று டேங்க் லைனை ஃபீட் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, சுத்தமான ஒரு கேனில் டீசல் ஊற்றி பம்ப்புக்கு மேல் மட்டத்தில் கட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸ் போட்டு, ஏர் எடுத்து, ஓட்டி நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சாவியைத் திருப்பிய வேகத்தில் எஞ்சின் பிடித்தது. ஆக, பம்ப், நாசில், ஃபில்டர் எல்லாம் நிரபராதிகள். நான் கழற்றி சர்வீசுக்கு அனுப்ப இருந்த பம்ப் உட்பட. குற்றம் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிறது.

டேங்க் லைனை மறுபடி மாட்டி, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைச் சேர்த்தேன். எஞ்சின் ஓடும்போது பார்த்தால் மீன் தொட்டியில் வருவது மாதிரி பொடிப்பொடியாகக் குமிழிகள், நிற்காமல். நடுவில் நாலு இணைப்புகள்தான். ஒவ்வோர் இணைப்பாகக் கெட்டி கிரீஸைச் சுற்றிலும் அப்பிவிட்டு இரண்டு நிமிஷம் குமிழியைப் பார்ப்பது, நிற்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போவது. உறிஞ்சுகிற ஓட்டை என்பதால் கிரீஸ் தானாகவே இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது இணைப்பில் கிரீஸ் வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் மகள் மேலேயிருந்து கத்தினாள், "அப்பா, நின்னுடுச்சு!" எஞ்சின்தான் நின்றுவிட்டதோ என்று ஒரு நொடி பதறிப்போனேன்.

அந்த இணைப்பு, இரும்பு பைப் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தைத் தாண்டும் இடத்தில் இருக்கும் நாலு அங்குல ரப்பர் ஹோஸ். டேங்கின் பாதி உயரத்தில் இருக்கிறது. டேங்க் நிறைய இருந்தால் டீசல் மட்டம் அந்த ஹோஸுக்கு மேலே இருக்கும், காற்று நுழைய முடியாது. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் ராத்திரி முழுக்கக் காற்று மெல்ல மெல்ல நுழைய, லைனில் இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடும். டேங்க் நிரப்பிய மறுநாள் அந்தச் சட்டத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய புழுதியும் இருக்கும், பழைய கறை என்று எத்தனையோ முறை துணியால் துடைத்திருக்கிறேன்.

ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். வெளியே வழவழவென்று கறுப்பாக, புதுசு மாதிரி இருந்தது. வளைத்ததும் அந்தக் கறுப்பு தோல் மாதிரி உரிந்து, உள்ளே ரப்பர் முழுக்க வெடிப்பு, கிளாம்ப் கடித்த இடத்தில் ஒரு வெடிப்பு ஆழமாக உள்வரை போயிருந்தது. உரிந்த தோல் வேறொன்றும் இல்லை, அதே பெயிண்ட். சேஸிஸுக்கு அடிக்கும்போது ஹோஸை மறைக்காமல் அதற்கும் சேர்த்து ஒரு கோட்டிங் கொடுத்திருக்கிறேன். இரண்டு நோய்க்கும் காரணம் ஒரே பெயிண்ட் டப்பா. வண்டியை அழகு பார்த்த அந்த இரண்டு நாளின் போட்டோகூட இருக்கிறது, சட்டையெல்லாம் கறுப்பாக, சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

டீசலுக்கென்றே இருக்கும் ஹோஸாகப் பார்த்து வாங்கிப் போட்டேன், தண்ணீர் ஹோஸ் போட்டால் சில வாரத்திலேயே ஊறி உப்பிவிடும். பைப் முனையில் துரு அரித்த குழிகள் இருந்தன, அவற்றையும் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் மாட்டினேன், இல்லையென்றால் புது ஹோஸும் சரியாக உட்காராது. சோதனைக்குப் போட்ட கண்ணாடி ஹோஸையும் எடுத்துவிட்டேன். அது டீசலில் ஊறிக் கட்டையாகி ஒரு நாள் வெடிக்கும், அதற்கு இன்னொரு மூன்று மாதம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஃபில்டர் மாற்றியபோது திரும்பப் பயன்படுத்திய செம்பு வாஷர்களையும் கையோடு புதிதாகப் போட்டேன். புதிது இல்லாவிட்டால் பழையதைத் தணல் சிவப்பாகக் காய்ச்சி ஆறவிட்டாலும் செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

கடைசியாக ஏர் எடுத்தேன். ஃபில்டர் மேலே இருக்கும் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும், அப்புறம் சுத்தமான டீசல், அடித்துக்கொண்டே இருக்கும்போதே திருகை மூட வேண்டும். அடுத்து பம்பில் இருக்கும் திருகு, அதே மாதிரி. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பைப்பின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அங்கே விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஊசி குத்தியது மாதிரிதான் தெரியும், ஆனால் அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. துணியைச் சுற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புது வகை காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், அதில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலையே கிடையாது. செல்ஃபையும் ஒரே மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல் ஒன்றிரண்டு நிமிஷம் ஆறவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் கைப்பம்பின் தலையை மறக்காமல் திருகி மூட வேண்டும், அது திறந்திருந்தால் அந்த வழியாகவே காற்று வரும். இதை நான் ஒருமுறை மறந்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

ஹோஸைத் தேடி வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது பின்பக்க பிரேக் சேம்பரில், அதாவது பிரேக்கை இயக்கும் காற்று டப்பாவில், லேசாகக் காற்று கசியும் சத்தம் கேட்டது. அதை நான் தொடப்போவதில்லை. அந்த டப்பாவுக்குள் அமுக்கி வைத்திருக்கிற ஸ்பிரிங், கிளாம்ப்பைக் கழற்றியவுடன் குண்டு மாதிரி பாய்ந்து ஆளையே கொன்றுவிடும். அது தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டிய வேலை, அடுத்த வாரம் கொண்டுபோகிறேன். வீட்டில் செய்யலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு, எனக்கு அந்த எல்லை அந்த டப்பாதான். அதேபோல ஜாக்கை மட்டும் நம்பியும் அடியில் படுக்க மாட்டேன், ஸ்டாண்ட் கொடுத்துத் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

வேண்டுமென்றே டேங்க் கால்வாசிக்கு இறங்கும்வரை காத்திருந்து, இரண்டு ராத்திரி அப்படியே நிறுத்தி வைத்தேன். இன்று காலை மகள் வரவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள். நானே ஏறிச் சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது, சைலன்சரில் ஒரு சின்ன வெள்ளைப் புகை வந்து கலைந்தது. சத்தத்தில் அவளும் எழுந்துவிட்டாள்.

இறங்கி ஒரு சுற்று வந்து பார்த்தால் இடது பக்க பிரேக் லைட் எரியவில்லை. முதலில் பல்பைத்தான் பார்க்க வேண்டும், தெரியும். ஆனால் அந்த லைட் நிற்கிற தகட்டுக்கும் நான்தான் பெயிண்ட் அடித்தேன்.